இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும் அலிஃப் லாம் மீமும்

 

 சென்ற ரமலானில் தராவீஹ் முடிந்த ஓரிரவு, நம் மஹல்லா இளைஞர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்திருந்த செய்தியொன்றை நம்மிடம் காட்டினார். குர்ஆனின் சில சூராக்களின் தொடக்கத்தில் வரும் அலிஃப் லாம் மீம் போன்ற எழுத்துகளில் உலக முடிவின் ஆண்டு மறைந்திருக்கிறதென்றும், அதைக் கணக்கிட்டுக் கண்டவர் இமாம் ஸுயூத்தி (ரஹ்) என்றும், ஹிஜ்ரி 1500-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அவ்விளைஞர் அப்போதுதான் வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தார். ஹிஜ்ரி 1500 என்பது 2076-ல் வருகிறது. ஐம்பது ஆண்டுகூட நில்லாத உலகில் இவ்வளவு கடன் வாங்கி வீடு எதற்கு என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்பது போல் கேட்டாரேயன்றி, முகத்தில் வேடிக்கை இல்லை.

அச்செய்தியில் ஒரு பாதி பொய். மறுபாதியோ மெய்யைச் சிதைத்துச் சொன்னது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின் அவ்விமாமின் வாழ்வை அறிய வேண்டும். அன்றிரவு நின்றபடியே நாம் சொல்லி முடிக்க இயலாததை இம்மலரில் எழுதுகிறோம்.

முதலில் அவ்வெழுத்துகளைப் பற்றிச் சில சொற்கள். குர்ஆனின் 114 சூராக்களில் 29 சூராக்கள் இத்தகைய தனித்தனி எழுத்துகளுடன் தொடங்குகின்றன. மார்க்க அறிஞர்கள் இவற்றை முகத்தஆத் எழுத்துகள் என்பர். காஃப், நூன், ஸாத் என ஓரெழுத்தாய் நிற்பனவும் உண்டு. மர்யம் சூராவில் போல் ஐந்தெழுத்தாய் வருவனவும் உண்டு. திரும்ப வருவனவற்றைத் தள்ளிவிட்டு எண்ணினால் 14 எழுத்துகள். அரபி நெடுங்கணக்கின் 28 எழுத்துகளில் சரிபாதி. நம் பள்ளிவாசலில் மாலை மக்தபில் ஓதும் சிறுவர்களும் இதில் ஒன்றை அறிவர். பகரா சூராவின் தொடக்கத்தில் உள்ள அலிஃப், லாம், மீம் ஆகிய மூன்றும், ஃபீல் சூராவின் தொடக்கத்தில் உள்ள மூன்றும் எழுத்தில் ஒன்றே. ஆயினும் ஃபீலில் அதை அலம் என்று ஒரு சொல்லாய் ஓதுகிறோம். பகராவில் எழுத்தின் பெயரைத் தனித்தனியே சொல்லி, லாமையும் மீமையும் நீட்டி ஓதுகிறோம். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் தரும் விடை, நாயகம் (ஸல்) அவர்கள் அப்படி ஓதினார்கள், அன்னாரிடம் கேட்டவர்கள் அப்படியே ஓதிக் காட்டினார்கள் என்பதுதான். ஓதும் முறை வழிவழியாக நம்மிடம் வந்திருக்கிறது. பொருளைப் பற்றி அப்படியொரு முடிவான விளக்கம் வரவில்லை.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் யாஸீன் என்றும் தாஹா என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோம். மரணப் படுக்கையில் இருப்பவர் அருகே யாஸீன் ஓதுகிறோம். பொருள் இன்னதென அறியாத எழுத்துகள் நம் தொட்டிலிலிருந்து மையவாடி வரை உடன் வருகின்றன.

இனி இமாமவர்களின் வரலாற்றுக்கு வருவோம். ஹிஜ்ரி 849 ரஜப் பிறை 1 (கி.பி. 1445 அக்டோபர்) அன்று கெய்ரோவில் அன்னார் பிறந்தார்கள். குடும்பம் எகிப்தின் மேற்பகுதியிலுள்ள அஸ்யூத் நகரத்தது. அவ்வூரின் பெயரே ஸுயூத்தி என்று வழங்கலாயிற்று. தந்தையார் ஷாஃபிஈ ஃபிக்ஹில் வல்லவர், கெய்ரோவில் முதர்ரிஸாக இருந்தவர். தாயார் நூலகத்திலிருந்து ஒரு கிதாபை எடுத்துவரச் சென்றபோது அங்கேயே பிரசவ வலி கண்டு கிதாபுகளுக்கிடையே பிள்ளையைப் பெற்றார்களாம். அதனால் கிதாபுகளின் மகன் என்று அன்னாருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இச்செய்தியைப் பதிந்து வைத்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (ரஹ்) நம் நாட்டின் அகமதாபாத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஐந்து வயது கடந்து சில மாதங்களில் தந்தையார் வஃபாத்தாகிவிட்டார்கள். அப்போதே பிள்ளை குர்ஆனில் தஹ்ரீம் சூரா வரை மனனம் செய்திருந்தது. பிள்ளையின் பொறுப்பைத் தந்தையார் ஒப்படைத்தவர்களுள் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர், ஃபத்ஹுல் கதீர் ஆசிரியர் இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்களும் ஒருவர். ஷாஃபிஈ வீட்டு எத்தீம் பிள்ளையை ஹனஃபி இமாம் அரவணைத்தார்! மத்ஹபின் பெயரால் வரிசையைப் பிரிக்க நினைப்போர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம். எட்டு வயது நிறையும் முன் குர்ஆன் முழுவதும் மனனமாயிற்று. பின்னர் உம்தத்துல் அஹ்காம், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா எனக் கிதாபுகள் ஒவ்வொன்றாய் நெஞ்சில் ஏறின. முஹ்யித்தீன் காஃபியஜி (ரஹ்) என்ற உஸ்தாதிடம் மட்டும் 14 ஆண்டுகள் இருந்தார்கள். அவரைத் தந்தையின் இடத்தில் வைத்துப் பேசினார்கள்.

இவ்வளவு கற்றவருக்கு வராத ஒரு கலையும் இருந்தது. கணக்கு! கணிதம்தான் தமக்கு யாவற்றிலும் கடினம் என்றும், ஒரு கணக்கைத் தீர்க்க அமர்ந்தால் மலையைச் சுமப்பது போலிருக்கும் என்றும் தம் வரலாற்றில் அன்னாரே எழுதி வைத்துள்ளார்கள். இதை வாசகர்கள் நினைவில் கொள்க.

இப்போது அலிஃப் லாம் மீமுக்கு வருவோம். இமாம் ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) என்ற பேரறிஞர் கஹ்ஃபு சூராவிலிருந்து குர்ஆனின் இறுதி வரை சுருக்கமானதொரு தஃப்ஸீர் எழுதினார்கள். பின்னர் ஃபாத்திஹாவுக்கும் எழுதி, மற்ற முற்பகுதி எஞ்சியிருக்க, ஹிஜ்ரி 864-ல் (1459) வஃபாத்தானார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அப்பணியை ஏற்றவர் ஸுயூத்தி (ரஹ்). வயது 21. ஹிஜ்ரி 870 ரமலான் முதல் பிறையில் தொடங்கி ஷவ்வால் பத்தாம் பிறையில் முடித்தார்கள். பகராவிலிருந்து இஸ்ரா வரை 16 சூராக்கள், குர்ஆனின் ஏறத்தாழப் பாதி, 40 நாட்களில்! மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் இருந்த நாட்களின் அளவு என்று அன்னாரே அதைக் குறித்தார்கள். இருவர் பெயரும் ஜலாலுத்தீன் ஆதலால் அது தஃப்ஸீர் ஜலாலைன் ஆயிற்று.

ஆகவே பகராவின் தொடக்கத்தில் அலிஃப் லாம் மீமுக்கு விளக்கம் எழுத வேண்டிய பொறுப்பு அந்த 21 வயது இளைஞருக்கு வந்தது. முன்னோர்களின் கருத்துகள் பல அவர் கைவசம் இருந்தன. அவ்வெழுத்துகள் இறைத்திருநாமங்களின் சுருக்கம் என்றோர், சூராக்களின் பெயர்கள் என்றோர், சத்தியம் செய்தல் என்றோர், கேட்போரின் கவனத்தை ஈர்க்க வந்தவை என்றோர், இதே எழுத்துகளால்தான் நீங்களும் பேசுகிறீர்கள், முடிந்தால் இதுபோல் கொண்டு வாருங்கள் என்று அரபிகளுக்கு விடுத்த அறைகூவல் என்றோர் எனப் பலருண்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மஹல்லி (ரஹ்) அவர்கள் மர்யம், தாஹா, யாஸீன் சூராக்களில் எப்படி இதன் கருத்தை அல்லாஹ்விடமே ஒப்படைத்து ஒரு சிறு தொடருடன் நிறுத்தினார்களோ, அப்படியே இவர்களும் நிறுத்தி அடுத்த ஆயத்துக்குச் சென்றார்கள்.

தமிழகத்தின் அரபிக் கல்லூரிகளில் இன்றும் ஜலாலைன் பாடக் கிதாபாக ஓதப்படுகிறது. தஃப்ஸீர் கலையில் காலெடுத்து வைக்கும் மாணவன் பகராவின் முதற்பக்கத்தில் முதன்முதலாகக் காண்பது, தெரியாது என்று சொல்லும் அந்தத் தொடரைத்தான். நாமும் ஓதும் காலத்தில் அப்பக்கத்தைப் பெரும் ஆவலோடு திறந்து, இவ்வளவுதானா என்று ஏமாந்தோம். பின்னர் பைளாவியில் அதே எழுத்துகளுக்குப் பக்கம் பக்கமாய் இலக்கண ஆய்வும் கருத்து வேற்றுமைகளும் வந்தபோது, அவ்வளவையும் ஓதி முடித்து ஜலாலைனின் அந்த ஒற்றைத் தொடருக்கே திரும்பி வந்தோம்.

அத்தொடர் வெறும் பழக்கத்தால் எழுதப்பட்டதன்று என்பதற்குச் சான்று அதே கிதாபில் இருக்கிறது. இஸ்ரா சூராவின் முடிவில் இமாமவர்கள் எழுதிய குறிப்பில், மஹல்லி (ரஹ்) அவர்களிடமிருந்து தாம் வேறுபட்ட இடங்கள் பத்துகூட இரா என்கிறார்கள். அவற்றுள் ஒன்று ரூஹ் பற்றியது. ரூஹ் என்பது ஒரு நுண்ணிய உடல் என்று மஹல்லி (ரஹ்) ஸாத் சூராவில் விளக்கியிருந்தார்கள். அதைப் பின்பற்றி இவர்களும் ஹிஜ்ர் சூராவில் அவ்வாறே எழுதினார்கள். பின்னர் இஸ்ராவில் ரூஹைப் பற்றிய ஆயத்துக்கு வந்தபோது, ரூஹின் அறிவு இறைவனுக்கே உரியதென்பது அதில் ஏறத்தாழ வெளிப்படையாக இருக்கக் கண்டு, முன்பு எழுதியதைத் தம் கையாலேயே அடித்துவிட்டார்கள். 21 வயதில் நாற்பது நாளில் கிதாபு எழுதுபவருக்குத் திரும்பிச் சென்று அடிக்க நேரமேது? ஆயினும் சென்றார்கள். எழுதிய விளக்கத்தைவிட அடித்த விளக்கத்திற்காக அன்னாரை நாம் அதிகம் நேசிக்கிறோம்.

பின்னாளில் குர்ஆன் கலைகளை 80 வகைகளாகப் பிரித்து அல்இத்கான் என்ற பெருநூலை இயற்றினார்கள். அதில் கருத்து வெளிப்படையாய் அமையாத ஆயத்துகளைப் பேசும் பகுதியில் இவ்வெழுத்துகளை விரிவாக எடுத்துக்கொண்டார்கள். இவை அல்லாஹ் மட்டுமே அறிந்த இரகசியங்கள் என்பதே தேர்ந்த சொல் என முதலில் நிறுவிவிட்டு, அதன்பின் மற்றவர்கள் சொன்னவற்றை ஒன்றுவிடாமல் அடுக்கினார்கள். கைப்பேசிச் செய்தியை எழுதியவர் இந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, சொன்னவரின் பெயரை விட்டுவிட்டு, தொகுத்தவரின் பெயரை ஒட்டியிருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

அந்த அடுக்கில் அப்ஜத் கணக்கும் உண்டு. அரபியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அலிஃப் 1, லாம் 30, மீம் 40. நம்மவர்கள் திருமண அழைப்பிதழிலும் வாகனத்திலும் 786 என்று எழுதுவது பிஸ்மியின் எழுத்துகளை இவ்விதம் கூட்டியதால் வந்தது. இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் ஓர் அறிவிப்பில், மதீனத்து யூதர் சிலர் அலிஃப் லாம் மீமை 71 எனக் கூட்டி, இந்த உம்மத்தின் ஆயுள் 71 ஆண்டுதானா என்று எண்ணினார்களாம். வேறு எழுத்துகளும் இறங்கியுள்ளன என்று கேட்டதும் 161, 231, 271 என்று கணக்கு ஏறிக்கொண்டே போக, குழம்பி எழுந்து சென்றார்களாம். இவ்வறிவிப்பின் ஸனது பலவீனமானது. ஆயினும் அதன்படி பார்த்தாலும் கணக்குப் போட்டவர்கள் கண்ட பலன் குழப்பமே.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஸுஹைலி (ரஹ்) அவர்களோ 14 எழுத்துகளையும் கூட்டி, இவ்வெண் உம்மத்தின் காலத்துக்குக் குறிப்பாக இருக்கலாமோ என எண்ணினார்கள். கிழக்கத்திய முறைப்படி கூட்டினால் 693 வரும். மேற்கு நாட்டார் ஸீனுக்கும் ஸாதுக்கும் வேறு எண் கொடுப்பதால் அவர்கள் கூட்டினால் 903 வரும். குர்ஆன் ஒன்றே, கூட்டுபவரின் ஊருக்கேற்ப விடை 210 ஆண்டு தள்ளிப் போகிறது! ஹதீஸ் கலையின் பேரரசர் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இக்கணக்கை ஆதாரமற்றதென மறுத்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அப்ஜத் எண்ணுவதைக் கண்டித்து அதைச் சூனியத்தின் வரிசையில் வைத்த செய்தியையும் சான்றாகக் காட்டினார்கள். இம்மறுப்பையும் ஸுயூத்தி (ரஹ்) அதே பகுதியில் சேர்த்துள்ளார்கள். அந்த ஹிஜ்ரி 903 இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களின் வாழ்நாளிலேயே வந்தது. அப்போது அன்னாருக்கு 54 வயது. அவ்வாண்டும் மற்ற ஆண்டுகளைப் போல முஹர்ரமில் பிறந்து துல்ஹஜ்ஜில் முடிந்தது.

ஒரு கணக்கு பலித்ததும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. ரூம் சூராவின் தொடக்கத்திலிருந்து ஹிஜ்ரி 583-ல் பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்கள் கைக்கு வரும் என்று ஓர் அறிஞர் முன்பே எடுத்துரைத்தாராம்; அவ்வாண்டில்தான் சுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அதை மீட்டார்கள். இதையும் இத்கானில் காணலாம். பலித்த ஒன்று எட்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்படுகிறது. பலிக்காதவற்றை எழுதி வைப்பார் இல்லை.

அப்படியானால் 1500 என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இங்குதான் அச்செய்தியின் மறுபாதி இருக்கிறது. ஹிஜ்ரி 898-ல் (1493) ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து இமாமவர்களிடம் கொடுத்தார். பத்தாம் நூற்றாண்டிலேயே தஜ்ஜால் வந்து உலகம் முடியும் என்று அக்காலத்து ஆலிம் ஒருவர் தந்த ஃபத்வா அது. நாயகம் (ஸல்) அவர்கள் மண்ணறையில் ஆயிரம் ஆண்டு தங்கமாட்டார்கள் என்று வழங்கிய ஒரு செய்தியே அதற்கு ஆதாரம். ஹிஜ்ரி ஆயிரம் நெருங்கிக்கொண்டிருந்த காலம். நம் மஹல்லா இளைஞருக்கு வந்த அச்சம் அன்று கெய்ரோ முழுவதும் இருந்தது. இமாமவர்கள் அந்த ஹதீஸ் அடிப்படையற்றது என்று உடைத்தெறிந்து, உம்மத் ஆயிரம் ஆண்டைக் கடக்கும் என்று நிறுவ அல்கஷ்ஃப் என்ற சிறு கிதாபை எழுதினார்கள். அதுவரை சரி. அதோடு நில்லாமல், உலகின் ஆயுள் ஏழாயிரம் ஆண்டு எனும் அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு மேல் இன்னுமோர் ஐந்நூறைத் தாண்டாது என்றும் எழுதிவிட்டார்கள். முகத்தஆத் எழுத்துகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவ்வறிவிப்புகள் பலவீனமானவை, யமன் நாட்டு ஸன்ஆனி (ரஹ்) போன்ற பிற்கால அறிஞர்கள் இம்முடிவை மறுத்துள்ளனர். கியாமத்தின் நேரத்தை எவருக்கும் அறிவிக்கவில்லை என்று குர்ஆன் தெளிவாக்கியிருக்க, ரூஹைப் பற்றி எழுதியதை அடித்த அதே பேனா இவ்விடத்தில் அடிக்கவில்லை என்பது நமக்கு வருத்தமே. மலையைச் சுமப்பது போலிருக்கும் என்று சொன்ன கணக்கை இமாமவர்கள் இங்கே சுமக்காமல் விட்டிருக்கலாம். பெரியோரின் சறுக்கலைச் சறுக்கல் என்று சொல்வது அவமரியாதை ஆகாது என்று நம் உஸ்தாதுகள் நமக்குக் கற்பித்துள்ளனர்.

இதைச் சொன்னபின் அவ்விளைஞர் ஒன்றும் பேசவில்லை. அவர் வீடு இப்போது லிண்டல் மட்டம் வரை எழும்பிவிட்டது.

இமாமவர்களை அடக்கமே உருவானவர் என்று எழுதினால் அது வரலாறாகாது. இஜ்திஹாதின் தகுதி தமக்குண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்; ஒன்பதாம் நூற்றாண்டின் முஜத்தித் தாமே என்று நம்பினார்கள். தம் கிதாபுகள் ஷாம், ஹிஜாஸ், யமன், இந்தியா வரை சென்றதைத் தம் வாழ்நாளிலேயே மகிழ்ந்து எழுதினார்கள். ஹஜ்ஜில் ஜம்ஜம் அருந்தியபோது ஃபிக்ஹில் ஸிராஜுத்தீன் புல்கீனி (ரஹ்) அவர்களின் தகுதியும், ஹதீஸில் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தகுதியும் வேண்டும் என்று நிய்யத் வைத்தார்கள். ஸகாவி (ரஹ்) போன்ற சமகால அறிஞர்களுடன் கடும் பிணக்கு இருந்தது; இரு தரப்பும் எழுதியவை நமக்கு வருத்தம் தருவன. இத்தனை தன்னம்பிக்கை கொண்டவர், அத்துர்ருல் மன்தூர், அல்ஜாமிஉஸ் ஸகீர், தாரீகுல் குலஃபா எனச் சிறிதும் பெரிதுமாய் ஐந்நூறுக்கு மேற்பட்ட நூல்களுக்கு உரியவர், அலிஃப் லாம் மீமில் தமக்குத் தெரியாதென்று நிறுத்தினார். அடக்கமானவர் தெரியாது என்று சொல்வதில் வியப்பில்லை. இவர் சொன்னதில்தான் வியப்பு.

நாற்பது வயதளவில் நைல் நதியின் ரவ்ளா தீவில் ஒதுங்கத் தொடங்கினார்கள். பைபர்ஸிய்யா கான்காஹின் தலைமைப் பொறுப்பு மட்டும் இருந்தது. ஸூஃபிகளுக்குரிய ஒழுங்கைப் பேணாதவர்களுக்கு வக்ஃபு உதவித்தொகை கொடுக்கலாகாது என்று நிறுத்தினார்கள். வக்ஃபு பணத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பது எக்காலத்து நிர்வாகிகளும் அறிந்ததே. ஹிஜ்ரி 906-ல் (1501) கான்காஹ்வாசிகள் கிளர்ந்து, உடுத்திய உடையோடு இமாமவர்களைத் தடாகத்தில் தள்ளிவிட்டனர். உயிர் தப்பியது பெரிது. பொறுப்பு பறிக்கப்பட்டது. அடுத்து வந்த சுல்தான் தூமான்பாயின் பகைக்கு அஞ்சி அவன் வீழும் வரை மறைந்திருந்தார்கள்.

அதன்பின் ரவ்ளாவை விட்டு வரவில்லை. சுல்தான் கௌரி ஆயிரம் தீனாரும் ஓர் அடிமையும் அனுப்பியபோது, தீனாரைத் திருப்பி அனுப்பி, அடிமையை உரிமைவிட்டு நாயகம் (ஸல்) அவர்களின் ரவ்ளா ஷரீஃபுக்குப் பணிவிடை செய்யும்படி மதீனாவுக்கு அனுப்பி வைத்தார்கள். ஹிஜ்ரி 911-ல் இடது கையில் வீக்கம் கண்டு ஏழு நாள் படுக்கையில் கிடந்தார்கள். ஜமாதுல் அவ்வல் பிறை 19 (கி.பி. 1505 அக்டோபர்) வெள்ளிக்கிழமை விடியற்பொழுதில் வஃபாத்தானார்கள். அன்னாருக்கு வயது 61 நிறைந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. கெய்ரோவின் கராஃபா வாயிலுக்கு வெளியே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.